மான்முடி இல்லாமல் மிதக்கிற டிரை ஃப்ளை: கடலூர், பாண்டிச்சேரியில் கிடைப்பதை வைத்து டிரவுட்டுக்குக் கட்டுவது

ஜூன் 9, பாகூரிலிருந்து ஒரு வாசகர்

செப்டம்பர் கடைசியில் இமாச்சலில் தீர்த்தன் ஆற்றுப் பக்கம் டிரவுட் என்கிற குளிர்நீர் மலை ஆற்று மீனைப் பிடிக்கப் போகிறோம். டிரை ஃப்ளையை, அதாவது பூச்சி போலத் தண்ணீர்மேல் மிதக்கிற தூண்டில் இரையை, நானே கட்டிக்கொண்டு போக ஆசை. பார்க்கிற வீடியோ எல்லாவற்றிலும் மான்முடி, எல்க் முடி என்கிறார்கள். அது இல்லாமல் கட்டினால் இரண்டு வீச்சில் மூழ்கிவிடும், கடையில் வாங்கிவிடு என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

ஜூன் 9, இரவு

மான்முடி மிதக்கும் என்று உங்கள் நண்பர் சொன்னது சரி. அந்த முடிக்குள் காற்று அடைத்த சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. ஆனால் அது இல்லாவிட்டால் மூழ்கும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்டேஷனரி கடையில் பிள்ளைகளின் புராஜெக்ட்டுக்கு விற்கிற ஃபோம் ஷீட் மான்முடியைவிட நன்றாகவே மிதக்கும். அதில் ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக மூடியிருக்கிறது, தண்ணீர் உள்ளே புக வழியில்லை. மீன் கடித்துக் குதறிய பிறகும் மிதக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் யாராவது புள்ளிமான் தோல் இருக்கிறது, கடமான் முடி இருக்கிறது என்று கொண்டுவந்து நீட்டினால் கையால்கூடத் தொடாதீர்கள். 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம்.

நான் கட்டுவதற்குத் தனிப் பெயர் எதுவும் இல்லை. முதுகுக்கு ஃபோம், வயிற்றுக்கு மயில்தோகை இழை, கழுத்தைச் சுற்றி நாட்டுச் சேவல் இறகு, மேலே நம் கண்ணுக்குத் தெரிய ஒரு வெள்ளைக் குச்சம். அவ்வளவுதான். எந்தப் பூச்சியையும் அப்படியே நகல் எடுக்கிற ஃப்ளை இல்லை இது. தின்னக்கூடிய ஏதோ ஒன்று வருகிறது என்று மீன் நினைத்தால் போதும். வேகமாக ஓடுகிற மலைத் தண்ணீரில் மீனுக்கு நின்று நிதானமாகப் பார்க்க நேரம் கிடையாது, எடுப்பதா விடுவதா என்று சட்டென்று முடிவு செய்தாக வேண்டும். அதனால்தான் இப்படிப்பட்டவை அங்கே எடுபடுகின்றன.

ஜூன் 10

சாமான்கள் எங்கே என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள்.

ஃபோம் 2 மி.மீ. கனம், கறுப்பு அல்லது பழுப்பு. பாண்டியில் நேரு வீதிப் பக்கமோ கடலூரில் மஞ்சக்குப்பத்திலோ பெரிய ஸ்டேஷனரி கடைகளில் பாருங்கள். தெர்மாகோல் வேண்டாம், உதிர்ந்துவிடும். ரப்பர் பசை பட்டால் கரைந்தே போகும்.

தூண்டில் முள் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். துறைமுகக் கடைகளில் கிடைப்பது கடல் மீனுக்கான முள், கம்பி தடிமன். ஃபோம் அதையும் தூக்கிப் பிடிக்கும், ஆனால் பின்பக்கம் அமுங்கித் தலை நிமிர்ந்து நிற்கும். டிரை ஃப்ளைக்கென்றே மெல்லிய கம்பியில் வருகிற 12ஆம் நம்பர் முள்ளைத் தபாலில் வரவழையுங்கள். நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும் என்பதை மறக்க வேண்டாம்.

வெள்ளைக் குச்சத்துக்குக் கம்பளி நூல் வாங்காதீர்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக், தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும். கடலூர் முதுநகரில் வலை சாமான் விற்கிற கடைக்குப் போய், வலையின் மேல் விளிம்பில் கட்டுகிற மிதக்கும் கயிறு ஒரு சாண் வெட்டித் தரச் சொல்லுங்கள். பாலிபுரொப்பிலீன் கயிறு தண்ணீரைவிட இலேசு, அடர்த்தி 0.9 சொச்சம். நைலான் 1.14, அது மூழ்கும். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் கடையிலேயே ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு ஒரு துண்டை அதில் போட்டுப் பாருங்கள். வலைக்காரர்கள் இதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களும் அப்படிப் பார்ப்பவர்கள்தான். புரியைப் பிரித்தால் உள்ளே இருக்கும் இழை கொஞ்சம் முரடாக இருக்கும். விரல்களுக்கு நடுவில் வைத்து நன்றாகத் தேய்த்தால் பிரிந்து மெல்லியதாகிவிடும்.

தோகை, கோயில் வாசலில் விற்பதே போதும். மயில் தானாக உதிர்த்த தோகையை உள்நாட்டில் வாங்க விற்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் தடை. அதனால் இதைக் கட்டி சிங்கப்பூர் மச்சானுக்குப் பார்சல் போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஜூன் 10, கொஞ்ச நேரம் கழித்து

நூலைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆரி வேலைக்கு விற்கிற மெல்லிய பாலியஸ்டர் நூல் போதும். ரொம்ப மெல்லிசாக எடுக்காதீர்கள், ஃபோமை அறுத்துவிடும். முள்ளைப் பிடிக்க ஃப்ளை கட்டுகிற வைஸ் இல்லாவிட்டால், மேசை ஓரத்தில் மாட்டுகிற சின்னப் பட்டறை வைஸே காரியத்துக்கு ஆகும்.

ஜூன் 12

இன்று கட்டுகிற விதம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் சொதப்புகிற இடங்கள் எல்லாம் சின்னச் சின்ன இடங்கள்.

முதலில் முள்முனைக்குப் பின்னால் இருக்கிற செதிளைக் குறடால் அமுக்கி மடக்கிவிடுங்கள். மீனை விடுவிக்கச் சுலபம். சில முள் இதில் உடையும். கட்டி முடித்த பிறகு உடைந்தால் வயிறு எரியும், அதனால் கட்டுவதற்கு முன்பே.

முள்ளை வைஸில் மாட்டி, காதுக்கு, அதாவது தூண்டில் நரம்பு கோக்கிற துளைக்கு, பின்னால் ஒரு காதளவு இடம் விட்டு நூலைச் சுற்ற ஆரம்பியுங்கள். அந்த இடத்தைக் கண்ணைப் போலக் காப்பாற்ற வேண்டும். கடைசியில் முடிச்சுப் போட அதுதான் இருக்கிறது, பலரும் அதையும் நிரப்பிவிட்டுப் பிறகு நரம்பு கோக்க வழியில்லாமல் ஊசியால் குத்திக்கொண்டிருப்பார்கள். நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே வளைவு தொடங்கும் இடம்வரை போங்கள். வழவழ கம்பிமேல் நேராக ஃபோமைக் கட்டினால் அது சுழன்றுகொண்டே இருக்கும், இந்த நூல் மெத்தைதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது.

ஃபோமில் முள்ளின் வாய், அதாவது முனைக்கும் நேரான தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒரு முனையைக் கூராகச் செதுக்கி, அந்தக் கூர்முனையை வளைவு தொடங்கும் இடத்தில் வைத்துக் கட்டுங்கள். மீதிப் பட்டை பின்னால் வால் போலத் தொங்கட்டும். முதல் இரண்டு சுற்று ஃபோமைத் தொட்டும் தொடாததுமாகப் போக வேண்டும். மூன்றாவது சுற்றில் கொஞ்சம் இறுக்கம், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். எடுத்த எடுப்பில் இறுக்கினால் நூல் கத்தியாக மாறி அறுத்துவிடும்.

அப்புறம் தோகை. கண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கிற இழைகள்தான் அடர்த்தியானவை, அதில் மூன்று நான்கு எடுத்து நுனிப் பக்கத்தை ஃபோம் கட்டிய இடத்திலேயே கட்டுங்கள். இழையைத் தனியாகச் சுற்றினால் முதல் டிரவுட்டின் பல்லிலேயே அறுந்து அவிழ்ந்துவிடும். இழைகளையும் நூலையும் சேர்த்துப் பிடித்து முறுக்குங்கள், முறுக்க முறுக்கக் கம்பளிப்பூச்சி மாதிரி ஆகும். அதைத் தண்டில் மூன்றில் இரண்டு பங்கு தூரம்வரை சுற்றிக் கட்டுங்கள். இப்போது உள்ளே நூல் ஓடுவதால் ஓர் இழை அறுந்தாலும் மற்றவை நிற்கும்.

பின்னால் தொங்குகிற ஃபோமை முன்னுக்கு மடித்து, அதே மூன்றில் இரண்டு பங்கு இடத்தில் கட்டுங்கள். இங்கே எல்லோரும் இழுத்துக் கட்டுவார்கள், பார்க்க வழுவழுப்பாக அழகாக இருக்கும். ஆனால் இழுத்தால் ஃபோம் மெலிந்து உள்ளே இருக்கிற காற்றின் அளவும் குறையும். சும்மா மடித்து வைத்தால் போதும், முதுகு உப்பலாகத் தெரிய வேண்டும். முன்னால் மீந்திருக்கிற பட்டையைக் காதைத் தாண்டி ஒரு நூல் அளவு விட்டு நறுக்குங்கள், அது தலை.

இடுப்பு மாதிரி அமுங்கியிருக்கும் அந்த இடத்தில் வெள்ளைக் குச்சத்தை மேலே வைத்து நான்கு சுற்று. கடைசியாக அங்கேயே சேவல் இறகின் அடிப்பக்கத்தைக் கட்டி, நான்கைந்து சுற்றுச் சுற்றி, நுனியைக் கட்டி அறுத்துவிடுங்கள். இறகின் இழை முள்வாயைப்போல ஒன்றரை மடங்கு நீளம் இருந்தால் சரி. நூலை ஃபோம் தலைக்கு அடியில் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சு, அதன்மேல் நிறமில்லாத நகப்பாலிஷ் ஒரு சொட்டு. கீழ்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இறகு இழைகளை முள்வாய் மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள், அப்போதுதான் புரளாமல் வயிறு தண்ணீரில் படிய உட்காரும்.

ஜூன் 13

கூத்தப்பாக்கம் தம்பி கேட்டது: நடுவில் ஒரு சிவப்புப் பட்டை போடலாமா?

தாராளமாகப் போடலாம். அதற்குப் பழைய கதை இருக்கிறது. 1878இல் நியூயார்க்கில் ஜான் ஹெய்லி என்பவர் கோச்மன் என்ற ஃப்ளையின் மயில் வயிற்றுக்கு நடுவில் சிவப்புப் பட்டு நூலைச் சுற்றினார். அழகுக்காக இல்லை, தோகை சீக்கிரம் பிய்ந்துபோகாமல் இருக்கத்தான் சுற்றினார். அதுதான் ராயல் கோச்மன் ஆனது. அப்புறம் 1930 வாக்கில் அமெரிக்க ஃப்ளை மீன்பிடிப்பாளர் லீ வுல்ஃப், அந்தக் கால டிரை ஃப்ளைகள் மெலிந்து நோஞ்சானாக இருக்கின்றன, முரட்டுத் தண்ணீரில் நிற்கவில்லை என்று சொல்லி, இறகுச் சிறகை எடுத்துவிட்டு முடியில் சிறகு வைத்தார். நாம் ஃபோமை வைத்துச் செய்வதும் அதே வேலைதான். சிவப்பைப் பார்த்துத்தான் மீன் வருகிறதா என்றால், சிவப்பு இல்லாமலும் வந்திருக்கிறது. எனக்குப் பிடிக்கும் என்பதால் நான் போடுகிறேன்.

ஜூன் 15

மேலே வெள்ளை இருந்தால் மீன் மிரளாதா என்ற கேள்வி.

மீன் இருக்கிற இடத்திலிருந்து யோசியுங்கள். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள்தான் தெரியும். ஒளி முறிவதால் அந்தப் பார்வைக் கூம்பு சுமார் 97 டிகிரி. ஒரு அடி ஆழத்தில் நிற்கிற மீனுக்கு மேற்பரப்பில் சுமார் இரண்டேகால் அடி அகல வட்டம். அதற்கு வெளியே மேற்பரப்பு கண்ணாடிதான், ஆற்றின் அடியே அதில் பிரதிபலிக்கும். ஃப்ளை அந்த வட்டத்துக்கு வெளியே மிதந்து வரும்போது அதன் மேல்பாகம் மீனுக்குத் தெரியவே தெரியாது. தண்ணீர்த் தோலை அமுக்குகிற இறகு நுனிகளும், தோலைக் கிழித்துக் கீழே இறங்கியிருக்கும் வயிறும்தான் தெரியும். வட்டத்துக்குள் வந்த பிறகும் நேர் கீழிருந்து பார்க்கிற மீனுக்குக் குச்சத்தை ஃபோம் முதுகு மறைத்துவிடும்.

ஆகவே மீனுக்குக் காட்ட வேண்டிய அழகை வயிற்றில் செய்யுங்கள். குச்சம் நமக்கு. சாயங்காலம் தண்ணீர் வெள்ளித் தகடாகப் பளபளக்கும்போது வெள்ளை தெரியாது, அப்போது கறுப்புக் குச்சம்தான் பளிச்சென்று தெரியும். பெட்டியில் இரண்டும் இருக்கட்டும்.

ஜூன் 18

சேவல் இறகைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லி முத்தியால்பேட்டை அண்ணன் கேட்டிருந்தார். எனக்குப் பிடித்த விஷயம்.

பிராய்லர் இறகு உதவாது, குஞ்சுப் பருவத்திலேயே வெட்டிவிடுகிறார்கள். பெட்டைக்கோழி இறகும் வேண்டாம், அது மெத்தென்று தண்ணீரைக் குடிக்கும். நன்றாக வயதான நாட்டுச் சேவல், அதுவும் செவலை நிறம் என்றால் அருமை. ஓர் இறகை எடுத்து வளைத்துப் பாருங்கள், இழைகள் தனித்தனியாக விறைத்து நிற்க வேண்டும். அடிப்பக்கம் பஞ்சு போலிருக்கிற பகுதியைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். கறிக்கடையில் சொல்லி வைத்தால் கழுத்துத் தோலை இறகோடு உரித்துக் கொடுப்பார்கள். கொழுப்பைச் சுரண்டி, ஷாம்பு போட்டு அலசி, நிழலில் காயவைத்து, உறையில் மூடி ஃபிரீசரில் சில நாள் வைத்தால் செல் பூச்சி சாகும். வீட்டில் சண்டை வரும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

ஒரு காலத்தில் உலகம் முழுக்க ஃப்ளை கட்டியவர்கள் வாங்கியது இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் போன கழுத்து இறகுகளைத்தான். அமெரிக்காவில் இதற்கென்றே சேவல் வளர்க்கும் பண்ணைகள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. பண்ணை இறகு நீளம், இழை ஒரே அளவு, ஒரே இறகில் பல ஃப்ளை கட்டலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஃபோம் தூக்கிப் பிடிக்கிற ஃப்ளைக்கு அவ்வளவு உயர்ந்த இறகு தேவைப்படாது. இங்கே இறகின் வேலை ஃப்ளையை நேராக நிறுத்துவதும் கால்களைப் போலத் தெரிவதும்தான்.

ஜூன் 19

2 மி.மீ. ஃபோம் என்று எழுதியது 12ஆம் நம்பருக்கு. 14ஆம் நம்பருக்கு அதே பட்டையைப் பிளேடால் கிடையாகப் பிளந்து பாதிக் கனம் ஆக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முள்வாய் அடைபடும். மீன் வாயில் வாங்கும், முள் ஏறாது.

ஜூன் 23

கட்டியதை எங்கே சோதிப்பது? முதலில் வாளித் தண்ணீர். மேலிருந்து கையளவு உயரத்தில் போடுங்கள், எப்படி விழுந்தாலும் குச்சம் மேலே வர வேண்டும். ஒருக்களித்துப் படுத்தால் குச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாக்கிப் பாருங்கள். பிறகு ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் மிதக்கும், ஆனால் இறகு நனைந்து எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள், அதுதான் நாள் முழுக்க வீசிய பிறகு ஆற்றில் அது இருக்கப் போகிற நிலை.

வீசிப் பழக ஏரிதான். ஜிலேபி மீன் மேற்பரப்பில் மேய்கிற நேரத்தில் சின்ன ஃப்ளையை எடுக்கும், கெண்டைக் குஞ்சுகளும் குத்திப் பார்க்கும். ஏரி குத்தகையில் இருந்தால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஊசுடு ஏரிப் பக்கம் தூண்டிலோடு போக வேண்டாம், அது பறவைகள் சரணாலயம்.

ஜூன் 24

மரக்காணத்துக்காரர் ஒருவர் டிரவுட்டை இங்கேயே குளத்தில் வளர்க்கலாமே என்கிறார். வளராது. அதற்குக் குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த தண்ணீர் வேண்டும், 20 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே திணறும்.

ஊட்டி இருக்க இமாச்சல் எதற்கு என்பது அவருடைய அடுத்த கேள்வி. நீலகிரியில் டிரவுட் இருக்கிறது, நம் நாட்டு டிரவுட் கதையே அங்கேதான் தொடங்குகிறது. 1863இல் மீன் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே இங்கிலாந்திலிருந்து கொண்டுவர முயன்று முடியாமல் போனது. பிறகு மீன்வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் காலத்தில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்து ரெயின்போ டிரவுட் நிலைத்தது. ஆனால் நல்ல ஓடைகளில் பல இப்போது முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ளும் காப்புக்காட்டுக்குள்ளும் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் காலை வைக்கக் கூடாது. அங்கே போகிறவர்கள் முதலில் வனத்துறையையும் மீன்வளத்துறையையும் கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

ஜூலை 2

பாகூர்க்காரர் கட்டியதைப் படம் போட்டிருக்கிறார். தோகை முறுக்கு பிரமாதம். தலை ஃபோம் மட்டும் நீளம், பாதியாக நறுக்கிவிடுங்கள். நீண்ட தலை வீசும்போது காற்றில் சுழலும், நரம்பு முறுக்கேறிவிடும்.

இந்த ஃப்ளைக்கு மிதப்பு இவ்வளவு எதற்கு என்றும் கேட்டிருந்தார். தனியாக மிதக்க இவ்வளவு தேவையில்லைதான். ஆனால் மீன் மேலே வராத நேரத்தில், முள் வளைவில் ஒன்றரை அடி மெல்லிய நரம்பு கட்டி அதன் நுனியில் மூழ்குகிற சின்ன நிம்ஃப் (தண்ணீருக்குள் வாழும் இளம் பூச்சி மாதிரி கட்டிய ஃப்ளை) ஒன்றைத் தொங்கவிடலாம். மேலே இருப்பது ஃப்ளையாகவும் தக்கையாகவும் வேலை செய்யும். சட்டென்று நின்றாலோ அமுங்கினாலோ கம்பைத் தூக்குங்கள். இரண்டு ஃப்ளை கட்ட அனுமதி உண்டா என்று பெர்மிட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலை 3

மிதப்பு எண்ணெய் பற்றி. ஃபோமுக்கு எதுவும் தேவையில்லை, இறகுக்கும் குச்சத்துக்கும்தான். வாஸ்லைன் தடவலாமா என்றால் நம் வெயிலுக்குச் சரி, மலைக் குளிரில் இறுகி இறகை ஒட்டவைத்துவிடும். சிலிகான் ஜெல் வாங்கிக்கொள்ளுங்கள், நகக்கண் அளவு போதும், அதிகம் தடவினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். மீன் பிடித்த பிறகு வழவழப்பை ஆற்றுத் தண்ணீரிலேயே அலசி, துணியில் ஒற்றி, அப்புறம் தடவுங்கள்.

ஜூலை 7

கடைசியாக, நம் கடற்கரைக் காற்றைப் பற்றி. இங்கே திறந்து வைத்த முள் துருப்பிடிக்க நாளாகாது, மெல்லிய கம்பியில் துரு வந்தால் பார்க்கத் தெரியாமலே பலம் போய்விடும். கட்டி முடித்ததை இறுக மூடுகிற டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீல நிற மணிகள் வேண்டாம், அதில் பெரும்பாலும் கோபால்ட் குளோரைடு இருக்கும், விஷம். வெள்ளை மணியே போதும்.

இமாச்சலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிரவுட்டுக்குத் தடைக்காலம், ஜூலை ஆகஸ்டில் மழைத் தண்ணீர் கலங்கல். செப்டம்பர் கடைசி நல்ல தேர்வு. அப்போது தண்ணீர் தெளிந்து இறங்கியிருந்தால் 12 பெரிதாகத் தெரியும், அதனால் 14ஆம் நம்பரில் இன்னும் கொஞ்சம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். பாதி வெள்ளைக் குச்சம், பாதி கறுப்பு.